கொடி போனது, கைப்பக்குவம் போகவில்லை

தரம் 9 மாணவருக்கு மண்ணரிப்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மரங்களையும் பாழ்வீடுகளையும் மூடிப் படரும் குட்ஸு என்ற கொடியைப் பற்றிச் சொன்னேன். பின் வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "அதத் தின்ன ஏலாதா சேர்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு வந்து புத்தகங்களைப் புரட்டியபோதுதான், சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

தின்ன ஏலும். ஜப்பானியர் பல நூற்றாண்டுகளாகத் தின்கின்றனர். மாச்சத்துக் கிழங்கில் இறங்கியிருக்கும் குளிர்காலத்தில் அதனைத் தோண்டி, இடித்து, நீரில் கரைத்து, வடித்து, அடையவிட்டு, மேல்நீரை இறுத்து மீண்டும் மீண்டும் தெளியவைப்பார்கள். நம்மவர் கூவைக்கிழங்கு மா எடுப்பதும் இப்படித்தான். நாரா மாநிலத்து யோஷினோவின் வெண்மா பேர்பெற்றது. பலகாரத்துக்கும் குழம்பைத் தடிப்பாக்கவும் அது உதவும். இளந்தளிரும் பூவும்கூட உணவே.

மறுநாள் அவனிடம் "ஏலும்" என்றேன். "அப்ப ஏன் சேர் அவங்க தின்னல்ல?" என்றான்.

1876இல் பிலடெல்பியாக் கண்காட்சியின் ஜப்பானியப் பகுதியில் அமெரிக்கர் இக்கொடியைக் கண்டனர். விறாந்தைக்கு நிழல் தரும் அழகுக்கொடியாக வளர்த்தனர். பின்னர் மாட்டுக்குத் தீனியாக்கினர். ஓயாத பருத்திச் செய்கையால் மண் கழுவுண்டு போனபோது, 1935இல் உருவான மண் பாதுகாப்புச் சேவை இதனை மருந்தாகக் கண்டது. 7 கோடிக்கு மேற்பட்ட நாற்றுகள் வளர்க்கப்பட்டன. நடுவோருக்கு ஏக்கருக்கு 8 டொலர் வரை கொடுக்கப்பட்டது. ஜோர்ஜியாவின் பத்திரிகையாளர் சானிங் கோப் 1943இல் இதற்கென ஒரு சங்கமே அமைத்தார். பத்தே ஆண்டில், 1953இல், விவசாயத் திணைக்களம் தன் பரிந்துரைப் பட்டியலிலிருந்து இதனை நீக்கிவிட்டது.

கொடியை அழைத்தவர்கள் அதைச் சமைத்த கைகளிடம் எதுவும் கேட்கவில்லை. கிழங்கின் பயனை விளக்கி வில்லியம் ஷர்ட்லெஃப், அக்கிகோ அவோயாகி இருவரும் எழுதிய நூல் 1977இல்தான் வந்தது. அதற்குள் ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது.

தின்றே இதனை ஒழிக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கிழங்கு ஆழத்தில் கிடக்கும். மா எடுப்பது பெரும்பாடு. களைநாசினி தெளித்த தெருவோரத்துத் தளிரைத் தொடவே கூடாது. அச்சத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பல இலட்சம் ஏக்கரை விழுங்கியதாகப் பேசப்பட்ட கொடி, அமெரிக்க வனச்சேவையின் கணக்கில் ஏறத்தாழ 227,000 ஏக்கர் காட்டிலேயே காணப்பட்டது.

நம் வேலிக் கொவ்வையும் ஹவாயில் தீங்குக் களையாகப் பட்டியலிடப்பட்ட கொடிதான். இங்கே அது சட்டிக்குப் போவதால் யாரும் அஞ்சுவதில்லை. இதைச் சொல்லிவிட்டு, கொவ்வையிலைச் சுண்டல் தின்றவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன்.

முப்பத்திரண்டு பேரில் நான்கு கைகளே உயர்ந்தன. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.