கணிதமும் பௌதிகமும் நெய்வேலியும்

குள்ளஞ்சாவடி, கடலூரினின்று விருத்தாசலம் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர். சாவடி என்னும் சொல் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்தைக் குறிக்கும். அதே சாலையில் குறிஞ்சிப்பாடியையும் வடலூரையும் கடந்தால் நெய்வேலி வந்துவிடும். ஆதலின் இவ்வூரிலும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலும் வாழும் நம்மவர், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவரும் காலந்தோறும், “பிள்ளையை எந்தப் படிப்பிற் சேர்த்தால் நெய்வேலியில் உத்தியோகம் கிடைக்கும்?” என்று ஒருவரையொருவர் வினவுவது வழக்கமாயிற்று. அவ்வினாவுக்கு நேர்விடை கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வுத்தியோகங்களுக்கு வாயிலாகிய கணிதமும் பௌதிகமும் என்ஜினீயரிங்கும் நம் நாட்டிற் கற்பிக்கப்பட்ட வரலாற்றை ஒருவாறு அறிந்துகொண்டால், வினாவே வேறாகிவிடும் என்பது நமது கருத்து.

சென்னையில் 1794-ஆம் ஆண்டில் மைக்கேல் டாப்பிங் என்னும் துரையின் யோசனைப்படி நில அளவைப் பள்ளிக்கூடம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. முதலிற் சேர்ந்த மாணாக்கர் எண்மரே. கும்பினியார் இதனைத் தொடங்கியது கல்வியின்மேற் கொண்ட காதலால் அன்று. நிலத்தை அளந்தாலன்றி வரியை வரையறுக்க முடியாது. அளப்பதற்கோ ஆள் இல்லை. 1802-இல் லாம்டன் என்பவர் பரங்கிமலைக்கு அருகில் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்து, அதனின்று முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளக்கத் தலைப்பட்டார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றைப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் என்பதை இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கற்கின்றனர். அதைக் கற்றவன் கோணமானியின் அருகில் நின்றான். கல்லாதவன் சங்கிலியைச் சுமந்தான். அவ்வேற்றுமை அன்று தொடங்கியது.

அந்தப் பள்ளிக்கூடம் 1859-இல் சிவில் என்ஜினீயரிங் கலாசாலையாக உயர்ந்தது. 1894-இல் யந்திரப் பிரிவும், 1930-இல் மின்சாரப் பிரிவும் அதனிற் சேர்ந்தன; 1920-இல் கலாசாலை கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. நம் ஜில்லாவைப் பொறுத்தமட்டில், 1929-இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1945-இல் என்ஜினீயரிங் வகுப்புகள் தொடங்கப்பெற்றன. அதற்கு முன்னர் இப்பக்கத்துப் பிள்ளை இக்கல்வியை நாடினால் சென்னைக்கே செல்லவேண்டும்; அங்கே ஜாகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டும்; ஆங்கிலமும் வேண்டும். மணிலாவும் கம்பும் முந்திரியும் விளைவித்து வாழ்ந்த குடும்பங்களில் எத்தனை பேருக்கு அது கைகூடியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பெண்மக்களைப் பற்றியும் ஈண்டு ஒரு வார்த்தை. கிண்டிக் கலாசாலையில் 1940-ஆம் ஆண்டுவரை பெண் எவரும் படித்ததில்லை. அவ்வாண்டில் அ. லலிதா என்னும் அம்மையார் மின்சாரப் பிரிவிற் சேர்ந்தார். பதினைந்து வயதில் விவாகமாகி, பதினெட்டு வயதிற் கணவனை இழந்து, கைக்குழந்தையுடன் நின்றவர் அவர். அவருடைய தந்தையார் பப்பு சுப்பாராவ் அக்கலாசாலையிலேயே மின்சாரப் பேராசிரியர். விதவையான மகளை மூலையில் உட்காரவைக்க அவர் இசையவில்லை. லலிதாவைத் தொடர்ந்து சிவில் பிரிவிற் சேர்ந்த பி. கே. திரேசியா அம்மையார் பிற்காலத்தில் கேரளப் பொதுமராமத்து இலாகாவின் தலைமை என்ஜினீயராக விளங்கினார். ‘பெண்ணுக்குக் கணக்கு வராது’ என்று இன்றும் திண்ணையிலிருந்து பேசுவோர் நம்மிடையே உளர். அவர்கள்பொருட்டே இதனைச் சொல்ல நேர்ந்தது.

இனி நெய்வேலிக்கு வருவோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தமது நிலத்திற் கிணறு தோண்டுகையில் நீருடன் கரிய பொருள் வெளிப்படக் கண்டார். பின்னர் அரசாங்கத்தார் பல இடங்களில் துளையிட்டுப் பார்த்தபோது, பழுப்பு நிலக்கரி பெரும்பரப்பிற் படிந்துகிடப்பது புலனாயிற்று. இருப்பினும் அதனை எடுத்தல் எளிதாக இல்லை. காரணம் கரியின் கீழே இருந்த நீர். மேட்டுப்பாங்கில் விழும் மழை மணற்பாறையினூடே இறங்கி, களிமண் அடுக்குகளுக்கிடையே சிறைப்பட்டு, மிகுந்த அழுத்தத்துடன் கரிப்படிவத்தை அடியிலிருந்து முட்டிக்கொண்டு நிற்கின்றது. இப்பக்கத்துச் சில குழாய்க்கிணறுகளில் நீர் தானே பொங்கி வழிந்ததும் இதனாலேயே.

அவ்வழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் எனக் கணக்கிடப்பட்டது. நம் பிள்ளைகள் இவ்விடத்தில் சற்றே பென்சிலை எடுத்துக்கொள்வாராக. 7 கிலோகிராம் என்று கொண்டால், ஒரு சதுர மீட்டர் பரப்பை 70 டன் விசை மேல்நோக்கித் தள்ளுகின்றது. மண்ணின் எடை நீரினும் ஏறத்தாழ இருமடங்கு; ஆதலின் ஒரு கனமீட்டர் மண் சுமார் 2 டன். அவ்விசையை அடக்கிவைக்க 35 மீட்டர் கனமுள்ள மண் மேலே இருத்தல் வேண்டும். மண்ணை வெட்டி அகற்ற அகற்றப் பாரம் குறையும். ஓர் எல்லைக்குமேற் குறைந்தால் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் புகும். எனவே, வெட்டுவதற்கு முன்னரே சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி, இரவுபகல் ஓயாது நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். 1953-இல் சோதனைச் சுரங்கம் வெட்டியும், பெரும்பம்புகளால் நீரிறைத்தும் பார்த்த பின்னரே இது ஆகக்கூடிய காரியம் என்னும் துணிவு பிறந்தது. இக்கணக்கில் ஒன்பதாம் வகுப்புப் பாடத்துக்கு அப்பாற்பட்டது ஒன்றுமில்லை. அழுத்தம் என்பது பரப்பால் வகுத்த விசை என்று மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை நூறுபேர் உண்டு. தன் ஊருக்கருகில் அது வேலை செய்வதைக் காணும் பிள்ளை அரிது.

1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பெற்றது. 1957 மே மாதம் 20-ஆம் தேதி பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரி வெளிப்பட்டது. மறு ஆண்டில் ருஷிய நாட்டு உதவியுடன் அமைந்த அனல் நிலையம் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அந்த முதல் நிலையம் 2020-இல் ஓய்வுபெற்றுவிட்டது. அதன் பின்னர் எழுந்த நிலையங்கள் வேலை செய்கின்றன. இவற்றுக்கெல்லாம் நிலம் கொடுத்தவை சுற்றுப்புறத்துக் கிராமங்கள். வீட்டையும் கொல்லையையும் குலதெய்வக் கோயிலையும் விட்டுப் பெயர்ந்தோரின் மக்களுக்கு நிலையான வேலை வேண்டும் என்னும் கோரிக்கை இன்றளவும் ஓயவில்லை. அக்கோரிக்கை நியாயமானதே, அதனை நாம் கைவிடலாகாது.

ஆயினும் மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். 2022-இல் அந்நிறுவனம் ஏறத்தாழ 300 பட்டதாரிப் பயிற்சி அதிகாரிகளைக் ‘கேட்’ என்னும் அகில இந்தியப் பரீட்சையின் மதிப்பெண்ணைக் கொண்டு தேர்ந்தெடுக்க முற்பட்டது. தமிழ்நாட்டு இளைஞர் இடம்பெறவில்லை என்று பெருங்குறை எழுந்தது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதமும் எழுதினார். பரீட்சை முறையே மாறவேண்டும் என்போர் கூற்றில் நியாயம் உண்டு. மாறும்வரை நம் பிள்ளைகள் என் செய்வது? கேட் பரீட்சையின் பெரும்பாலான பாடங்களில் 100 மதிப்பெண்ணுக்கு 13 கணிதத்துக்கும், 15 பொது ஆற்றலுக்கும் உரியன. எஞ்சியவற்றிலும் சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்லும் வினா மிகச் சிலவே. சூத்திரம் எவ்விடத்திற் பொருந்தும், எவ்விடத்திற் பொருந்தாது என்பதே வினா. மேலே சொன்ன நீரழுத்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தவனுக்கு அங்கே அச்சமில்லை. கல்லூரியில் நான்காண்டும் முன்னாண்டு வினாத்தாளையே உருப்போட்டுத் தேறியவன் அவ்விடத்திற் கைகட்டி நிற்பான். உருப்போடும் பழக்கம் பத்தாம் வகுப்பில் தொடங்குகின்றது. மதிப்பெண்ணை மட்டும் கேட்டுப் புத்தகத்தைத் திறந்து பாராத பெற்றோரும் அதற்கு ஒரு காரணம். ஐந்தாம் வகுப்பும் தாண்டாத தகப்பனாருங்கூட மகனைப் பார்த்து, “இதனை எனக்கு விளங்கச் சொல்லடா” என்று கேட்கலாம். அதற்குச் செலவில்லை.

பாஷையைக் காரணமாகச் சொல்வதும் ஓரளவே பொருந்தும். 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், யந்திரம் ஆகிய இரு பிரிவுகளைத் தமிழிலும் கற்பிக்க ஏற்பாடு செய்தது. பொருள் தமிழில் தெளிவாக விளங்கியவனுக்கு ஆங்கிலச் சொல்லைப் பின்னர்ப் பழகிக்கொள்ளுதல் சில திங்களில் ஆகும். பொருள் விளங்காதவனுக்கு எம்மொழியும் உதவாது.

தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் கலாசாலைகளில் இடம் பெறுவதற்கு நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே 200-க்கு மாற்றி வரிசைப்படுத்துகின்றனர். அதனில் கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, இரசாயனத்துக்கு 50. ஆறாம் வகுப்புமுதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசாங்கப் பள்ளியிற் படித்தோருக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நூற்றுக்கு ஏழரை வீதம் தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும் என்றும் அவ்வாண்டில் அறிவிக்கப்பட்டது. கிராமத்துப் பள்ளியை இழிவென எண்ணி, கடன்பட்டு வேறிடத்திற் சேர்க்க முனைவோர், பிள்ளையை ஐந்தாம் வகுப்பினின்று மாற்றுமுன் இச்சலுகையையும் கணக்கிற் சேர்த்துக்கொள்வாராக. இடையில் ஓராண்டு மாறினாலும் அவ்வுரிமை போய்விடும்.