எடைக்குப் போகாத காகிதங்கள்

கும்பகோணம்னா உங்களுக்கு வெத்தலையும் டிகிரி காப்பியும் ஞாபகம் வரும். எங்க டெல்டாக்காரங்களுக்கு அது படிப்புக்கான ஊரும்கூட. காவிரிக்கரையில இருக்கிற அரசு கலைக் கல்லூரி 1854ல் பள்ளிக்கூடமா ஆரம்பிச்சது. ஒரு காலத்துல அதைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்னு சொல்வாங்க.

1880ல் உ.வே.சாமிநாதையர் அங்கே தமிழ் வாத்தியாரா சேர்ந்தார். ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார்தான் அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர். அதே வருஷம் முன்சீப்பா மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படிச்சதுண்டான்னு அவரைக் கேட்டார். அந்தக் கேள்விதான் அவரை ஏடு தேட வைத்தது. 1887ல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகும் ஏடு தேடி ஊர் ஊரா அலைஞ்சார். கரிவலம்வந்தநல்லூர்ல கோயில் ஏடுகளை அதுக்கு முன்னாடியே நெருப்புல போட்டிருந்தாங்க. ஆடிப்பெருக்குல ஆத்தோட விட்ட ஏடுகளும் உண்டு.

அதே 1887ல் பிறந்தவர் கணித மேதை ராமானுஜன். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல்ல படிச்சு 1904ல் கணக்குக்குப் பரிசு வாங்கினார். அடுத்து சேர்ந்த அரசுக் கல்லூரியில மத்த பாடத்துல தவறி உதவித்தொகையை இழந்தார். அவரோட மூணு நோட்டுப் புத்தகம் சென்னைப் பல்கலைக்கழகத்துல பத்திரமா இருக்கு. கடைசி நாள்ல எழுதின தாள்கள் இங்கிலாந்துல வாட்சன்கிற கணித அறிஞர்கிட்ட இருந்தது. 1965ல் அவர் காலமான பிறகு, அறையில குவிஞ்சு கிடந்த காகிதத்தையெல்லாம் சில நாள்ல எரிக்கிறதா இருந்தாங்க. பார்க்கப் போனவங்க கையில அகப்பட்டதால அந்தத் தாள்கள் தப்பிச்சது. 1976ல் ஆண்ட்ரூஸ் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் அதைக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துல கண்டெடுத்தார்.

மேதைங்க எழுதினதுக்கே இந்தக் கதின்னா, சாதாரண ஊர்ப் பள்ளிக்கூடத்துக் காகிதத்தை யார் பார்க்கிறது? சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, ஆண்டு விழா போட்டோ, கையெழுத்துப் பத்திரிகை எல்லாம் அலமாரி மேல கிடக்கும். வெள்ளையடிக்கும்போது கீழே இறங்கும். அப்புறம் கரையான், இல்லேன்னா பழைய பேப்பர் கடை.

நிலம் உள்ளவன் பேரு பட்டாவுல இருக்கும், பத்திரத்துல இருக்கும். நிலமில்லாத கூலிக்காரர் பிள்ளை பேரு முதல்முதலா காகிதத்துல ஏறினது பல ஊர்ல பள்ளிக்கூடத்துலதான். தலைக்கு மேல கையைச் சுத்திக் காதைத் தொட்டா அஞ்சு வயசு, வாத்தியார் ஒரு தேதியைப் போடுவார். எங்க வயசுக்காரங்க பலருக்கு இன்னைக்கும் அதுதான் பிறந்த நாள். ஒரு தெருவுலேர்ந்து முதல்ல படிக்க வந்த பொண்ணு யாரு, யாரு எந்த வகுப்போட நின்னாங்க, எல்லாம் அந்தப் பதிவேட்டுலதான் இருக்கும். அது போச்சுன்னா அந்தக் குடும்பங்க படிச்சு மேலே வந்த கதைக்கு வேற சாட்சி கிடையாது.

விதைநெல்லுக்கு நாங்க நொச்சி இலை போட்டு வைப்போம், அடுத்த போகத்துக்கு வேணும்ல. நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துக்குப் பொங்கலுக்கு வரும்போது ஒரு எட்டு போங்க. தலைமை ஆசிரியர் அனுமதியோட பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி, ஈரம் படாத பெட்டியில வச்சுட்டு வாங்க. வீட்டுல பழைய வகுப்புப் போட்டோ இருந்தா, பின்னாடி வருஷமும் நிக்கிறவங்க பேரும் எழுதி வைங்க. அந்த முகங்களை அடையாளம் சொல்றவங்க இன்னும் கொஞ்சப் பேர் ஊர்ல இருக்காங்க.