நத்தை செய்த உபகாரம்

மீன் வளர்ப்பதில் நான் முதலில் கற்றுக்கொண்டது, செத்த மீனை எங்கே புதைப்பது என்பதைத்தான். பேத்தியின் பிறந்த நாளுக்கென்று ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தேன். மணலைப் பத்துத் தடவை கழுவிப் போட்டேன். இரண்டு நாள் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, அன்றைக்கே பத்துக் கப்பி மீன்களையும் விட்டேன். ஐந்தாம் நாள் காலையில் எட்டு மீன்கள் மிதந்தன.

"தண்ணி சுத்தமாத்தானே இருக்கு, தாத்தா? அப்புறம் ஏன் செத்துப் போச்சு?" என்றாள் குழந்தை.

எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகங்களைப் புரட்டியபோது, எனக்கு வெகு காலம் முன்பே லண்டனில் ஒருவர் தம் தொட்டியைப் பார்த்து விழித்த கதை கிடைத்தது.

அவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது. செடி தரும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கிறது. அப்படியானால் தண்ணீரை மாற்றாமலே இரண்டையும் ஒன்றாக வாழ வைக்கலாமே என்பது அவர் போட்ட கணக்கு. பெரிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் மணலும் சேறும் கல்லும் இட்டு, ஊற்று நீரை விட்டு, வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, தங்க மீன்களை நீந்த விட்டார்.

கணக்கில் பிழையில்லை. ஆனால், பழுத்த இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கிப் பாசி படர்ந்தது. வாரிங்டன் யோசித்து, ஐந்தாறு குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்றன. தண்ணீர் தெளிந்தது. நத்தைகள் இட்ட முட்டைகளோ மீன்களுக்கு ஆகாரமாயின! 1850-ஆம் வருஷம் ரசாயனச் சங்கத்தில் இதை அவர் எடுத்துச் சொன்னார்.

பிறகு கேட்பானேன்? இங்கிலாந்தில் 1845-லேயே கண்ணாடி வரியை நீக்கியிருந்தார்கள், கண்ணாடி மலிந்திருந்தது. 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று ஒரு கூடம் திறந்தார்கள். மறு வருஷம் பிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' என்ற புத்தகத்தை வெளியிட, வீட்டுக் கூடங்களில் தொட்டி வைப்பது பெரிய மோகமாகிவிட்டது. 1869-இல் பாரிஸ் நகரத்துக் கார்போனியே சீனத்துச் சொர்க்க மீன்களை வளர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார். உஷ்ண தேசத்து மீன்கள் ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைந்த கதை அப்படித் தொடங்கியது.

இத்தனையும் படித்த பிறகும் என் மீன்களின் சாவுக்குக் காரணம் புரியவில்லை. என் தொட்டியில்தான் அழுகலே இல்லையே!

விடை, நத்தையையும் விடச் சின்ன ஜீவன்களிடம் இருந்தது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது விஷம், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்காகவே இருக்கும். அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பின்பு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் உண்டு. 1890-இல் ஸூரிச் நகரில் ஸெர்கே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் இந்த வகை உயிர்களை மண்ணிலிருந்து பிரித்துக் காட்டினார். தொட்டியின் மணலிலும் கல்லிலும் இவை குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன்களை ஒன்றிரண்டாகத்தான் விட வேண்டும். அப்புறமும் வாரந்தோறும் கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். மணலைக் குழாயடியில் அலசினாலோ, குளோரின் பட்டு அந்தக் குடிகள் மாண்டுபோகும்.

வாரிங்டன் சேற்றோடு ஆரம்பித்தார். நான் பளிங்கோடு ஆரம்பித்தேன். வித்தியாசம் அவ்வளவுதான். அதற்கு எட்டு உயிர்கள் விலை.

மிஞ்சிய இரண்டு மீன்களுக்குத் தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றி, ஆறு வாரம் காத்தேன். கண்ணாடி ஓரத்தில் லேசாகப் பாசி பூத்தது. துடைக்க வந்த வேலைக்காரப் பெண்ணைப் பேத்தியே தடுத்துவிட்டாள். அவள் கேள்விக்கு அன்றுதான் பதில் சொன்னேன்:

"ரொம்பச் சுத்தமா இருந்ததாலேதான் செத்துப் போச்சு, கண்ணு."