மயிலத்துத் தமிழ்க் கல்லூரியும் தென்னாற்காட்டு மாணவரும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டு வந்ததும் புதுச்சேரிச் சாலை பிரிகிறது. அந்தச் சாலையில் சிறிது தொலைவு போனால் வயல்களுக்கு நடுவே ஒரு சிறு குன்று தெரியும். அதுதான் மயிலம். குன்றின் மேல் முருகன் கோயில் இருக்கிறது. கோயிலை நடத்துவது பொம்மபுர ஆதீனம். அதே ஆதீனம் 1930களின் பிற்பகுதியில் இங்கே தொடங்கியது, ஸ்ரீமத் சிவஞான பாலய சுவாமிகள் பெயரிலான தமிழ்க் கல்லூரி. இன்றைய விழுப்புரம் மாவட்டப் பகுதியில் அரசு கல்லூரி ஒன்றைத் திறப்பதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மடம் கல்லூரி திறந்துவிட்டது. அதில் கற்பித்ததோ ஒரே பாடம்.

பொம்மபுர ஆதீனம் வீரசைவ மடம். அதன் மூலத்தலம் புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள பொம்மையார்பாளையம். மடத்துக்கும் தமிழுக்கும் உள்ள உறவு கல்லூரியோடு தொடங்கியதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் இந்த மடத்துச் சிவஞான பாலய சுவாமிகளைக் குருவாகக் கொண்டு தாலாட்டு, நெஞ்சுவிடுதூது, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று பல பிரபந்தங்கள் பாடியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் இன்றும் படிக்கும் ‘நன்னெறி’யும் அவருடையதே. அவர் மாணவராக இருந்த காலத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. நெல்லைச் சிந்துபூந்துறையில் வெள்ளியம்பலத் தம்பிரானிடம் இலக்கணம் கற்று முடித்துவிட்டுப் பொன்னைத் தட்சணையாக வைத்தபோது, ஆசிரியர் பொன் வேண்டாம் என்றாராம். திருச்செந்தூரில் தம்மைப் பழித்துப் பேசிவந்த ஒரு புலவரை வென்று வருவதே தட்சணை என்றாராம். சிவப்பிரகாசர் போய் உதடு ஒட்டாமல் நிரோட்டக யமக அந்தாதி பாடி வென்றார் என்பது கதை. ப, ம வரும் சொல்லே வரக்கூடாது. உ, ஒ போன்ற இதழ் குவியும் உயிர்களும் கூடாது. அதற்கு மேல் யமகமும் அந்தாதியும் வேண்டும். கதை எந்த அளவுக்கு உண்மையோ, நூல் இருக்கிறது. மடங்களில் தமிழ் படித்த மாணவனிடம் எதிர்பார்க்கப்பட்ட பயிற்சி எவ்வளவு கடுமையானது என்பதற்கு அதுவே சான்று.

கல்லூரி வருவதற்கு முன் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு வெளியூர்தான் போகவேண்டும். உயர்நிலைப் பள்ளி வரை உள்ளூரிலேயே வசதி இருந்தது. அமெரிக்காவின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஆற்காடு மிஷன் திண்டிவனத்தில் நெடுங்காலம் வேலை செய்தது. ஐடா ஸ்கடர் 1890இல் தந்தையோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மருத்துவர் இன்றி இறந்ததைக் கண்டது இந்த ஊரில்தான். வேலூர் மருத்துவமனைக்கு அந்த இரவுதான் வித்து. அந்தக் குடும்பத்துப் பெயரைத் தாங்கிய வால்டர் ஸ்கடர் பள்ளி திண்டிவனத்தில் இன்றும் நடக்கிறது. நாடு விடுதலை பெற்றபோது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அங்கே படித்தவர்.

பள்ளி முடித்தவனுக்கு விழுப்புரம் ஜங்ஷன்தான் வாசல். அங்கிருந்து ஐந்து திசைக்கு ரயில் பிரிகிறது; படிப்பும் அப்படியே பிரிந்தது. வடக்கே போனால் சென்னை. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு மாறியபின் அந்தத் தடத்தில் கல்லூரி இன்னும் நெருங்கி வந்தது. செலையூர், தூய தோமா, பிஷப் ஹீபர் என்று மூன்று விடுதிகளோடு காட்டுக்குள் அமைந்த அந்த வளாகத்தில் பேராசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் வாழ்ந்து படிக்கும் முறை இருந்தது. மேற்கே திருவண்ணாமலை வழியாகப் போகும் தடத்தில் வேலூர். அங்கே ஆற்காடு மிஷனே நடத்திய ஊரிஸ் கல்லூரி. கிழக்கே 1879இல் போட்ட கிளைத்தடம் புதுச்சேரிக்குப் போனது. ஆனால் அது பிரெஞ்சு ஆட்சி, படிப்பும் பிரெஞ்சில். தெற்கே கடலூர் வழியாகச் சிதம்பரம். அங்கே அண்ணாமலைச் செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரி தொடங்கி, பிறகு தமிழ்க் கல்லூரியும் நிறுவினார். 1929இல் எல்லாம் சேர்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயின. ஒரு தனியார் கொடையில் எழுந்து, மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகத் தென்னாற்காடு மாவட்டத்துக்குள்ளேயே அமைந்தது அது ஒன்றுதான். விபுலானந்தர் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியர். நாவலர் சோமசுந்தர பாரதியாரும் பண்டிதமணி கதிரேசன் செட்டியாரும் அவருக்குப் பின் கற்பித்தார்கள். நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கே தமிழ் படித்த மாணவர்கள்.

சிதம்பரத்தை விட்டால் மற்றக் கல்லூரிகளில் தமிழின் நிலை பெருமைப்படும்படி இல்லை. ஆங்கிலம்தான் பாடமொழி, தமிழ் இரண்டாம் மொழி. உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு வந்ததும், 1903 முதல் சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்ததும், மறைமலையடிகள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்ததும் பெரிய செய்திகளே. ஆனால் அந்தக் கல்லூரிகளின் பட்டப்படிப்புக்கு அவர்கள் பாடம் ஓர் ஓரம். தமிழையே முழுப் படிப்பாகக் கொள்ள விரும்பியவன் மதுரையில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்துக்கோ, திருவையாற்று அரசர் கல்லூரிக்கோ, கரந்தைக்கோ போகவேண்டியிருந்தது. அந்த வரிசையில்தான் மயிலம் சேர்ந்தது. பின்னர் தருமபுர ஆதீனமும் (1946) பேரூர் ஆதீனமும் (1953) தமிழ்க் கல்லூரி தொடங்கின. பேரூர் மடத்தின் முதல்வரான சாந்தலிங்கர் சிவப்பிரகாசரின் தங்கையை மணந்தவர் என்பது இந்த வரிசையில் ஒரு சுவையான ஒட்டு.

மடங்கள் தமிழ் சொல்லிக்கொடுத்தது புதிதல்ல. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சா. படித்த 1870களில் மாணவருக்குச் சோறும் இடமும் மடம் தந்தது. பாடம் ஆசிரியர் வாயிலிருந்து வந்தது. தேர்வு என்று ஒன்று இல்லை. ஒரு நூல் முடிந்தால் அடுத்த நூல். மயிலம் போன்ற கல்லூரிகள் அந்தப் பழைய ஏற்பாட்டின் மேல் பல்கலைக்கழகத்தின் காலக்கணக்கைப் பொருத்தின. சென்னைப் பல்கலைக்கழகம் ‘வித்துவான்’ என்ற பட்டத்துக்குத் தேர்வு நடத்தியது. நுழைவு, முதல்நிலை, இறுதிநிலை என்று படிகள். கல்லூரிக்கு வராமல் தனியாகப் படித்தும் எழுதலாம். பிற்காலத்தில் பட்டத்தின் பெயர் ‘புலவர்’ என்று தமிழானது.

பாடத்திட்டத்தின் முதுகெலும்பு இலக்கணம். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்துக்கும் தனித்தனி நூல். முதலில் நன்னூல், அதுவும் காண்டிகையுரையோடு. பிறகு யாப்பருங்கலக்காரிகை, நம்பியகப்பொருள், புறப்பொருள் வெண்பாமாலை, தண்டியலங்காரம். கடைசியில்தான் தொல்காப்பியம், மூன்று அதிகாரம், இருபத்தேழு இயல். சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் உரை. நூற்பாவை விட உரை கடினம் என்பது மாணவர் வழக்கமாகச் சொல்லும் குறை. உரையாசிரியர் முதலில் ஒரு கருத்தைச் சொல்வார். பிறகு ‘அற்றேல்’ என்று மாற்றான் ஒருவனின் மறுப்பை எழுப்புவார். ‘அஃதன்று’ என்று அதைத் தள்ளுவார். மேலைநாட்டுப் பழைய கல்லூரிகளில் இலக்கணம், தருக்கம், சொல்லணி என மூன்று தனிப் பாடங்கள் செய்த வேலையை இங்கே உரைப்பாடம் ஒன்றே செய்தது. இவற்றோடு சங்க நூல்கள், காப்பியங்கள், கம்பன், பெரியபுராணம், சிற்றிலக்கியங்கள், இலக்கிய வரலாறு.

யாப்புப் பாடம் எப்படி நடக்கும் என்பதற்கு இந்த வட்டார ஊர்ப்பெயர்களையே எடுத்துக்கொள்ளலாம். ‘மயிலம்’ என்பதை அலகிட்டால் மயி, லம்: நிரை நேர், புளிமா. ‘விழுப்புரம்’ என்றால் விழுப், புரம்: நிரை நிரை, கருவிளம். ‘திண்டிவனம்’ மூன்றசை, திண், டிவ, னம்: நேர் நிரை நேர், கூவிளங்காய். ‘செஞ்சி’ நேர் நேர், தேமா. இனி நான்கையும் வரிசையாக வைத்தால், மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். மயிலம் விழுப்புரம் திண்டிவனம் செஞ்சி என்பது தளை தட்டாத வெண்பா அடியாகவே அமைந்துவிடுகிறது. மோனைதான் இல்லை. திண்டிவனத்தை விழுப்புரத்துக்கு முன்னால் தூக்கி வைத்தால் காய் முன் நிரை வந்து கலித்தளை ஆகிவிடும். வெண்பா அங்கேயே கெட்டது. இப்படிப் பேருந்துப் பலகையையும் கடைப் பெயரையும் அலகிட்டுக்கொண்டே நடப்பது தமிழ்க் கல்லூரி மாணவனின் பழக்கம். ஆண்டு முடிவதற்குள் ஈற்றடி கொடுத்தால் வெண்பா முடிக்கும் அளவுக்காவது கை பழகியிருக்க வேண்டும்.

படிப்பின் மற்றப் பாதி மனப்பாடம். ஒரே அறையில் பத்துப் பேர் வெவ்வேறு நூற்பாவை உரக்கச் சொன்னால் யாருக்கும் எதுவும் காதில் விழாது. ஆகவே ஆளுக்கொரு மரத்தடி. வகுப்புக்கு வெளியே முக்கியமானது மாணவர் மன்றம். கவியரங்கம், பட்டிமன்றம், இலக்கியச் சொற்பொழிவு எல்லாம் அங்கே பழகியவை. 1940களிலும் 1950களிலும் மேடைத் தமிழ் அரசியல் மொழியாக மாறிக்கொண்டிருந்தபோது இந்தப் பயிற்சிக்கு எதிர்பாராத மதிப்பு வந்தது. தேர்தல் சுவரொட்டிகளில் பெயருக்கு முன் ‘புலவர்’ என்று போட்டுக்கொள்ளும் வழக்கம் அந்தக் காலத்தில் பரவியது. சைவ மடத்தின் நிழலில் படித்துவிட்டுப் பகுத்தறிவு மேடையில் பேசியவர்களும் உண்டு. இரண்டுக்கும் தமிழ் ஒன்றுதானே.

படித்து முடித்தவனுக்கு வேலை ஏறத்தாழ ஒன்றே: பள்ளியில் தமிழாசிரியர். அதற்கும் வித்துவான் பட்டம் மட்டும் போதாது. தமிழ்ப் பண்டிதர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். பள்ளியில் சேர்ந்த பிறகு ஆங்கிலம் படித்த பட்டதாரி ஆசிரியரைவிடச் சம்பளம் குறைவு, மதிப்பும் குறைவு. பண்டிதர்களின் சம்பளக் கோரிக்கை பல ஆண்டுகள் ஓயாமல் நடந்தது. பக்கத்தில் புதுச்சேரியிலும் இதே நிலைதான். அங்கே பாரதிதாசன் பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் 1909 முதல் 1946 வரை தமிழாசிரியராக வேலை பார்த்தார். ஊர் ஊராக மாற்றலும் வாங்கினார். ஆனாலும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. சென்னைக்கோ சிதம்பரத்துக்கோ அனுப்பிப் படிக்கவைக்க முடியாத குடும்பத்துக்கு, பக்கத்திலேயே தாய்மொழியில் படித்து நிரந்தரச் சம்பளம் வாங்கும் வழி வேறு இல்லை. தென்னாற்காட்டுப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவர்களில் மயிலத்தில் படித்தவர்கள் நிறைய இருந்ததற்குக் காரணம் இதுதான்.

1967இல் ஆட்சி மாறியபின் நிலவரம் வேகமாக மாறியது. 1968இல் இருமொழிக் கொள்கை வந்தது. அதை ஒட்டி அறுபதுகளின் இறுதியில் விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனத்தில் அண்ணாவின் அமைச்சரவையில் வேளாண்மை அமைச்சராக இருந்த ஆ. கோவிந்தசாமி பெயரில் இன்னொன்றும் வந்தன. கட்டணம் சொற்பம். வரலாறு, பொருளியல், கணிதம் எல்லாம் தமிழ்வழியிலேயே படிக்கலாம். தமிழ்வழிப் படிப்பு என்றால் தமிழ் இலக்கியப் படிப்புதான் என்ற நிலை அதோடு மாறியது. ஜங்ஷனில் ரயிலேறிப் போனவர்களில் பலர் இப்போது உள்ளூர்ப் பேருந்தில் கல்லூரிக்குப் போனார்கள். 1978இல் மேல்நிலைப் பள்ளிகள் வந்து புகுமுக வகுப்பு எடுபட்டதும் எல்லாக் கல்லூரிகளிலும் படிப்பு மூன்றாண்டுப் பட்டம் என்ற ஒரே அளவுக்கு வந்தது. புலவர் பட்டயத்தின் இடத்தை பி.லிட். பட்டம் பிடித்தது. பிறகு வந்தவை கட்டணக் கல்லூரிகள். விழுப்புரம் தெய்வானை அம்மாள் மகளிர் கல்லூரி போன்றவை கணினியும் வணிகவியலும் கொண்டு வந்து ஊர்ப் பெண்களைப் பெருந்தொகையில் பட்டம் பெறவைத்தன.

பி.லிட். மாணவன் தொல்காப்பியத்தை விடவில்லை. ஆனால் அரையாண்டுக்கு ஒரு தாள், தாளுக்கு இத்தனை அலகு என்று அது பகுக்கப்பட்டது. ஒரு நூலை ஓராண்டு முழுக்க வைத்துப் பாடம் கேட்கும் வழக்கம் அதோடு போயிற்று. இலக்கணம் தெரிந்தவர் தொகை குறைந்தது. பட்டம் பெற்றவர் தொகை கூடியது. இழப்பு எது, ஆதாயம் எது என்பது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் என்பதும் மாறிக்கொண்டே வந்தது. 1993இல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கியதும் இந்த மாவட்டக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அதற்குப் போயின. 2021இன் தொடக்கத்தில் விழுப்புரத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆட்சி மாறி, அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. இப்போது இந்த மாவட்டத்துக் கல்லூரிகளுக்குப் பட்டச் சான்றிதழ் வருவது சிதம்பரத்திலிருந்து. மயிலத்துக் கல்லூரியின் பெயர்ப்பலகையில் ‘தமிழ்’ என்ற சொல்லை அடுத்துக் ‘கலை அறிவியல்’ என்ற சொற்களும் சேர்ந்துவிட்டன.