அடையும் அட்டையும்

தென்னேரியைத் திரையனேரி என்பதன் திரிபு என்பர். அவ்வட்டாரத்துக் காஞ்சிப்பட்டுத் தறிகளில் புட்டாவின் வரிசையை முற்காலத்தில் 'அடை' எனும் நூற்கட்டு காத்தது. பின்னர் ஜக்கார்டு அட்டைகள் அவ்விடத்தைப் பிடித்தன. 1804-இல் பிரான்சில் உருவான அவ்வட்டையைக் கண்டே பாபேஜ் 1836-இல் தம் கணிப்பொறித் திட்டத்தில் துளையட்டையைச் சேர்த்தார். நெய்பவர் நினைவில் வைக்கவேண்டியதைத் தறி சுமந்ததை எவரும் இழுக்கென்றதாக யாம் கேட்டதில்லை.

கவனம் நிலைகொள்ளா இயல்பைக் கிரைட்டன் 1798-லேயே எழுதினார். ஏடிஎச்டி என்னும் பெயரோ 1987-இல்தான் வந்தது. அவ்வியல்புடையோர்க்கு வேலையின் படிகளை வரிசையாக மனத்தில் நிறுத்துவதே பெரும்பாடு. அவர்கள் சாட்ஜிபிடியிடம் அப்படிகளைப் பகுத்துத் தரக் கேட்டால் மட்டும் சோம்பல் என்கிறோமே, இது என்ன நியாயம்? செயலி பிழையும் தரும், மெய்தான். அட்டை வரிசை மாறினாலும் புட்டா குலையத்தான் செய்யும். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளிலும் ஏடிஎச்டி தனியே இடம்பெறவில்லை.