சிறு சொற்கள் ஆளும் மொழி

தமிழகத்தை விட்டு மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு, அலுவலகத்திலும் அண்டை அயலிலும் கைகொடுக்கும் மொழிகளுள் ஆங்கிலமும் ஒன்று. நம்மில் பலர் அதனைப் பள்ளியில் இலக்கணத்தோடு கற்றவர்கள். ஆயினும், நீண்ட கடுஞ்சொற்களுக்கு அஞ்சாத நாம், ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’, ‘ஆன்’ என்னும் சின்னஞ்சிறு சொற்களின் முன் தயங்கி நிற்கிறோம். ஒரு கூட்டத்தைத் தள்ளிவைத்ததைப் ‘போஸ்ட்போன்’ என்று எழுதுவது நமக்கு எளிது. ‘புட் ஆஃப்’ என்று சொல்ல நா எழுவதில்லை. அதனால், நம் ஆங்கிலம் பிழையற்றதாயினும் ஏட்டு நடையாக ஒலிக்கிறது என்ற ஏளனத்துக்கும் சில வேளைகளில் ஆளாகிறோம். இத்தயக்கத்துக்குக் காரணம் நம் அறிவுக் குறைவன்று. அதன் வேர் ஆங்கில மொழியின் வரலாற்றிலேயே இருக்கிறது. அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், வினையின் பொருளை வேறுபடுத்தப் பெரும்பாலும் முன்னொட்டுகளே பயன்பட்டன. மன்னித்தலைக் குறிக்கும் ‘ஃபர்கிவ்’, எதிர்த்து நிற்றலைக் குறிக்கும் ‘வித்ஸ்டாண்ட்’ ஆகியவை அம்முறையின் எச்சங்கள். காலப்போக்கில் முன்னொட்டுகள் பல வலுவிழந்து தேய்ந்தன. மேல், வெளி, அப்பால் என்று திசை காட்டிய தனிச்சொற்கள் வினைக்குப் பின்னே வந்து அவற்றின் வேலையை ஏற்றன. 793ஆம் ஆண்டில் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடிய வடநாட்டுக் கடலோடிகளின் இனத்தார், அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். ‘டேக்’ என்ற வினை அவர்கள் தந்தது. வினைக்குப் பின் சிறு சொல்லை நிறுத்தும் பழக்கம் அவர்கள் மொழியில் வேரூன்றியிருந்தது. ஆங்கிலத்தில் அது ஓங்குவதற்கு அவர்களது உறவும் துணைசெய்தது என்பர் அறிஞர் பலர்.

இவ்வழக்குக்குப் பழஞ்சான்று ஒன்று உண்டு. பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் 1154 வரை எழுதிவந்த நாளாகமத்தில், ஸ்டீபன் மன்னர் ஆயர்கள் சிலரைச் சிறையிலிட்ட செய்தி வருகிறது. தம் கோட்டைகளைக் கைவிடும் வரை அவர்கள் அடைபட்டிருந்தார்கள் என்று கூறுமிடத்தில், ‘கிவ் அப்’ என்ற தொடரின் பழைய வடிவமே ஆளப்பட்டிருக்கிறது. அத்தொடரில் வினையும் சிறு சொல்லும் ஆங்கிலம். ‘காஸில்’ என்ற பெயரோ நார்மானியர் கொணர்ந்தது. 1066இல் நாட்டை வென்றவர்களின் பெயர்ச்சொல்லைத் தோற்றவர்களின் வினை தன்னோடு இணைத்துக்கொண்டது!

நார்மானியர் ஆட்சியில் அரசவையும் வழக்குமன்றமும் பிரெஞ்சு மொழியை ஆண்டன. சமயமும் கல்வியும் லத்தீனைப் போற்றின. ஆதலால் ஒரே பொருளுக்கு இரு சொற்கள் அமைந்தன. மக்கள் ‘கிவ் அப்’ என்றதைச் சட்டம் ‘சரண்டர்’ என்றது. மக்கள் ‘லுக் இன்டு’ என்றதைக் கற்றோர் ‘இன்வெஸ்டிகேட்’ என்றனர். முன்னது உழவன் நாவில் வளர்ந்தது. பின்னது ஏட்டில் வளர்ந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஆங்கிலம் நம் நாட்டுக்கு வந்தபோது, நாம் அதனைப் பெரிதும் பாடநூல் வழியாகவும் அலுவலகக் கோப்புகள் வழியாகவுமே பெற்றோம். அரசவைச் சொற்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. அடுக்களைச் சொற்கள் அங்கேயே தங்கிவிட்டன. நம் தயக்கத்தின் பிறப்பிடம் இதுவே.

இத்தொல்லையை அந்நாட்டு அறிஞரும் அறிந்திருந்தனர். 1755இல் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், சிறு சொல்லைப் பின்னே சேர்த்து வினையின் பொருளை மாற்றும் இவ்வழக்கே அயல்நாட்டார்க்குப் பெரும் இடர் தருவது என்று அதன் முன்னுரையில் ஒப்புக்கொண்டு, அத்தகைய தொடர்களை அக்கறையோடு திரட்டித் தந்தார். 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் இவற்றைப் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்று குறித்தார். ஹென்றி பிராட்லி என்ற அகராதி அறிஞர் தமக்குச் சொன்ன பெயர் அது என்றும் அவர் கூறியுள்ளார். நாம் தொடர்வினை எனலாம்.

தொடர்வினையின் பொருளை உறுதிசெய்வது பெரும்பாலும் அதனோடு சேரும் பெயரே. ‘மேக் அப்’ என்பதைக் கொள்வோம். கதையோடு சேர்ந்தால் புனைதல். முகத்தோடு சேர்ந்தால் ஒப்பனை. இழந்த நேரத்தோடு சேர்ந்தால் ஈடுசெய்தல். மனத்தோடு சேர்ந்தால் முடிவுக்கு வருதல். இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் நம் ‘பிடி’ என்ற வினையை எண்ணிப் பாருங்கள். மீன் பிடிக்கிறோம், குழந்தை அடம் பிடிக்கிறது, இரும்பு துருப் பிடிக்கிறது, வேலை நேரம் பிடிக்கிறது. எந்தப் பிள்ளையும் இவற்றை அகராதி பார்த்துக் கற்பதில்லை. பெயரும் வினையும் கைகோத்து வரவே, சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

இனி, பெயர் நிற்குமிடம். ‘டர்ன் ஆஃப் த லைட்’ என்பதும் ‘டர்ன் த லைட் ஆஃப்’ என்பதும் சரியே. ஆனால் விளக்கு என்ற பெயருக்குப் பதிலாக ‘இட்’ வந்தால், ‘டர்ன் இட் ஆஃப்’ என்று நடுவில்தான் நிற்கும். பெயர்த்தொடர் அடைமொழிகளோடு நீண்டுவிட்டாலோ, அது கடைசிக்குச் செல்வதே இயல்பு. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவை பிரியா. குழந்தையானாலும் ‘ஹெர்’ ஆனாலும் பின்னேதான் வரவேண்டும். ‘ரன் அப் எ ஹில்’ என்பது குன்றின் மேல் ஓடுதல். ‘ரன் அப் எ பில்’ என்பது கடன் ஏறவிடுதல். பின்னதில் ‘பில்’ நடுவே நுழையலாம். முன்னதில் ‘ஹில்’ நுழைய இயலாது. தமிழில் ‘விளக்கை அணை’, ‘அணை விளக்கை’ என எப்படிச் சொன்னாலும் ஐ உருபு பொருளைக் காத்து நிற்கிறது. ஆங்கிலப் பெயர்கள் அத்தகைய வேற்றுமை ஈறுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டமையால், அங்கே இடமே இலக்கணமாயிற்று.

இன்று நம் இல்லங்களில் வழங்கும் தமிழைக் கவனியுங்கள். ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்கிறோம். தில்லியில் அண்டை வீட்டார் ‘லைட் ஆஃப் கரோ’ என்கின்றனர். இரு மொழிகளும் ‘டர்ன்’ என்ற வினையை விட்டுவிட்டு, ‘ஆஃப்’ என்ற சிறு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டன. பொருளின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை இலக்கணம் பயிலாத நாவும் கண்டுகொண்டது அன்றோ!

ஆகவே, நாம் நாணவேண்டியதில்லை. தொடர்வினைகளைத் தனித்தனியே நெட்டுருச் செய்வதை விடுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய பெயரோடு ஒரு சிறு வாக்கியமாகக் குறித்துவைத்துப் பேசிப் பழகுவோம். நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கற்பிப்போம். ‘போஸ்ட்போன்’ கோப்பில் இருக்கட்டும். ‘புட் ஆஃப்’ நாவில் ஏறட்டும். இரண்டுக்கும் அம்மொழியில் இடமுண்டு. இரண்டையும் ஆளும் உரிமை நமக்கும் உண்டு.