நாலு சக்கரமும் இழுக்குமா?

ஜவ்வாது மலைக்கு வாரக் கடைசியில் புதுப் புது ஜீப்புகள் வருகின்றன. ஓட்டிவரும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால், "ஃபோர் வீல் சார், எங்க வேணாலும் ஏறும்" என்கிறார்கள். அப்படி இல்லை நண்பர்களே. ஃபோர் வீல் போட்ட வண்டியும் இரண்டு சக்கரத்தை மட்டும் சும்மா சுழற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். காரணம் ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நல்ல கண்டுபிடிப்பு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் கண்டுபிடித்தவர் பிரெஞ்சுக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். பெயர் ஒனெசிஃபோர் பெக்கர். 1828இல் நீராவி வண்டி ஒன்றுக்காக உரிமம் வாங்கினார். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். பெக்கர் நடுவில் பல்சக்கரங்களை வைத்து, இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழி செய்தார். அதுதான் டிஃபரன்ஷியல். இன்று ஆட்டோவிலிருந்து லாரிவரை எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஆனால் அது இரண்டு பக்கமும் சமமான விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றிலோ அந்தரத்திலோ இருந்தால், அதைச் சுற்றக் கொஞ்சம் விசை போதும். கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே கொஞ்சம்தான் கிடைக்கும். வண்டி எப்படி நகரும்?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தது. 1940களின் கடைசியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை பம்பாயில் பூட்டித் தர ஆரம்பித்தது. பிறகு அரசாங்க ஆபீஸ் என்றால் வாசலில் ஒரு ஜீப் என்றாகிவிட்டது. திருவண்ணாமலையும் திருப்பத்தூரும் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த எழுபதுகளில், எழுத்தராக நானும் ஜமுனாமரத்தூர் பக்கம் அதில் போயிருக்கிறேன். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னக் கம்பிகள் இருக்கும். ஒன்று முன் சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும். மற்றது லோ கியர். அதைப் போட்டால் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையும், இழுவை அதே அளவு கூடும். முன் சக்கரங்களைச் சேர்க்காமல் லோ கியர் விழாது. அத்தனை விசையையும் பின் அச்சு மட்டும் தாங்க முடியாது என்பதால் அந்த ஏற்பாடு.

இறக்கத்தில்தான் லோ கியரின் அருமை தெரியும். பிரேக்கைச் சூடாக்காமல் என்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும்.

அந்த ஜீப்புகளில் டிஃபரன்ஷியல் லாக் கிடையாது. முன்னால் ஒன்றும் பின்னால் எதிர்ப்பக்கம் ஒன்றும் குழியில் தொங்கினால் வண்டி நின்றுவிடும். எங்கள் டிரைவர் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடி பிரேக்கையும் லேசாகத் தொடுவார். சும்மா சுற்றும் சக்கரத்துக்குத் தடை கிடைத்ததும் மறுபக்கத்துக்கும் விசை போகும். "பயப்படாதீங்க சார், பல்லைக் கடிச்சு ஏறிடும்" என்பார், ஏறிவிடும். இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டர் சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டு இதையே செய்கிறது.

லாக் என்பது பெக்கர் பிரித்துவைத்ததைத் தேவைப்படும்போது மட்டும் மறுபடி இறுக்குவது. இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். பிடிப்புள்ள சக்கரம் வண்டியை இழுத்துவிடும். ஃபோர்ஸ் கூர்காவில் முன்னும் பின்னும் லாக் வந்தது. 2020இல் வந்த புதிய தாரில் பின் அச்சில் தானாகவே பூட்டிக்கொள்ளும் வகை உண்டு. கையால் போடும் லாக்கைத் தார் ரோட்டில் போடக் கூடாது. திரும்பும்போது டயர் தேயும், அச்சு முறுக்கிக்கொள்ளும், ஸ்டியரிங்கும் எளிதில் திரும்பாது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. தார் ரோடு போய்ச் சேராத மலைக் குக்கிராமத்திலிருந்து நோயாளியையோ பிரசவ வலி கண்ட பெண்ணையோ டோலி கட்டித் தூக்கிவந்த காலத்தை நான் பார்த்தவன். அங்கே ஜீப் ஏறுவதும் ஏறாததும் ஓர் உயிரின் விஷயம். வாரக் கடைசியில் வரும் பிள்ளைகள் மழைக்காலத்தில் அந்த மண் பாதைகளில் சக்கரத்தைச் சுழற்றிப் பள்ளம் பறிக்காமல், லோ கியரில் மெல்லப் போனால் நல்லது. மறுநாள் அதே பாதையில் லாக் இல்லாத பழைய ஜீப் ஒன்று ஆளை ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும்.